தாத்தா பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைக்கு என்ன வருகிறது, எந்த வழியில் வருகிறது?

தாத்தா சிறுவயதில் என்ன சாப்பிட்டார் என்பது பேரனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று ஒரு செய்தி. பாட்டியோடு நெருக்கமாக வளர்ந்த பிள்ளைக்கு மனச்சோர்வு குறைவு என்று இன்னொன்று. தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு எடை கூடுகிறது என்று மூன்றாவது. மூன்றுமே ஆய்வுகளின் பெயரைச் சொல்லித்தான் வருகின்றன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று படிக்கிறவர் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் செய்திகள் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் சிக்கல். ஒரு தாத்தாவோ பாட்டியோ பேரப்பிள்ளையின் வாழ்க்கைக்குள் வர நான்கு வழிகள் இருக்கின்றன.

1. மரபணு வழி. பிறக்கும்போதே கையில் வந்துவிடுவது.
2. உடல் அனுபவத்தின் வழி. அவர்கள் பட்ட பசி, நோய், நச்சு ஆகியவை கருமுட்டை, விந்தணு, கருப்பை வழியாக அடுத்த தலைமுறைகளைத் தொடுவது.
3. பெற்றோர் வழி. அவர்கள் தங்கள் பிள்ளையை எப்படி வளர்த்தார்களோ, அந்தப் பிள்ளை தன் குழந்தையை வளர்ப்பதில் அது தெரிவது. சொத்தும் படிப்பும் இந்தக் கணக்கில்தான் வரும்.
4. நேரடி வழி. கூட இருப்பது, பார்த்துக்கொள்வது, பேசுவது.

முதலாவது உறுதியானது, ஆனால் அதில் தாத்தா பாட்டி செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்குத் தலைப்புச் செய்தி அதிகம், சான்று குறைவு. மூன்றாவதுதான் அளவில் பெரியது. நான்காவது சிறியது என்றாலும் அவர்களுக்கே சொந்தமானது அது ஒன்றுதான். அதுவும் உடன் இருந்த நேரத்தைப் பொறுத்தே வேலை செய்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால் பங்கு என்பது சராசரிக் கணக்கு

டிஎன்ஏவில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, பாதி அப்பாவிடமிருந்து. இது ஏறக்குறைய கறாரான கணக்கு. ஆனால் தாத்தா பாட்டி நால்வருக்கும் ஆளுக்கு 25 சதவீதம் என்பது அப்படிக் கறாரானது அல்ல. கருமுட்டை உருவாகும்போது, அம்மா தன் பெற்றோரிடமிருந்து பெற்ற இரண்டு தொகுதி குரோமோசோம்களும் துண்டு துண்டாக இடம் மாறிக் கலந்து, ஒரு தொகுதியாகிப் பிள்ளைக்குப் போகின்றன. இந்தக் கலப்பு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நடக்கும். ஒரு பேத்திக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து 28 சதவீதமும் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து 22 சதவீதமும் வந்திருக்கலாம். அவள் தம்பிக்கு இது தலைகீழாக அமையலாம். இரண்டையும் கூட்டினால் 50 வரும், அதற்கு மட்டும்தான் உத்தரவாதம்.

கலப்பில் சிக்காமல் வருபவையும் உண்டு. செல்களுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ இருக்கிறது. அது தாய் வழியில் மட்டுமே இறங்குவது. ஆகவே பேரனுக்கும் பேத்திக்கும் அது அம்மாவைப் பெற்ற பாட்டியுடையதுதான். பேரனின் ஒய் குரோமோசோம் அப்பாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து ஏறக்குறைய அப்படியே வந்தது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அது அவருடைய அம்மா கொடுத்தது. அதை அவர் மகளுக்கு மட்டுமே தருகிறார். எனவே அப்பாவைப் பெற்ற பாட்டியின் எக்ஸ் பேத்திக்கு நிச்சயம் கிடைக்கும். அவள் கூடப் பிறந்த பேரனுக்குக் கிடைக்காது.

"அப்படியே தாத்தா மூக்கு" என்று சொல்வதற்கு இதெல்லாம் போதும். குணத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குணத்தில் ஏராளமான மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. "தாத்தாவின் கோபம் பேரனுக்கு வந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்வதற்கு மரபணுக்கள் சாட்சிக்கு வராது.

பாட்டி வயிற்றிலேயே தொடங்கிவிட்ட முட்டை

இனி இரண்டாவது வழி. அதிகம் குழப்புவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெண் சிசுவின் சூலகத்தில் முட்டை அணுக்கள் அது பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. கருவுற்ற ஐந்தாவது மாத வாக்கில் அவற்றின் எண்ணிக்கை 60 முதல் 70 லட்சம் வரை இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்திருக்கும். அதாவது உங்கள் அம்மாவைப் பாட்டி சுமந்துகொண்டிருந்தபோதே, பின்னாளில் நீங்களாக மாறிய அந்த ஓர் அணுவும் அந்த வயிற்றுக்குள் இருந்தது. இது உவமை இல்லை, உடற்கூற்று உண்மை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. கர்ப்பிணியான பாட்டியின் உடலில் படும் எதுவும், அது கடும் பசியோ புகையோ மருந்தோ, ஒரே நேரத்தில் மூன்று தலைமுறைகள் மீது படுகிறது: பாட்டி, வயிற்றில் இருக்கும் சிசு, அந்தச் சிசுவுக்குள் இருக்கும் முட்டை அணு. பேத்தியிடம் பின்னாளில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது பரம்பரையாக வந்தது என்று சொல்லிவிட முடியாது. அவள் மீதே நேரடியாகப் பட்ட பாதிப்பாகவும் அது இருக்கலாம்.

இங்கே எபிஜெனடிக்ஸ் என்ற துறை நுழைகிறது. டிஎன்ஏவில் எழுதியிருப்பது மாறாமல், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகளைப் பற்றிய படிப்பு இது. மீத்தைல் குறி என்பது அவற்றில் ஒரு வகை. நாம் வாழும் சூழல் இந்தக் குறிகளை மாற்ற முடியும், அதில் சந்தேகமில்லை. அந்த மாற்றம் பேரப்பிள்ளை வரை போகிறதா என்பதில்தான் வழக்கு.

போவதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. பாலூட்டிகளில் இந்தக் குறிகள் இரண்டு கட்டங்களில் பெருமளவு அழிக்கப்பட்டுப் புதிதாக இடப்படுகின்றன. கரு உண்டான முதல் சில நாட்களில் ஒருமுறை. அந்தக் கருவில் முட்டைக்கும் விந்துக்கும் மூலமான அணுக்கள் உருவாகும்போது இன்னொரு முறை. சில குறிகள் தப்பிப் பிழைக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை போய்விடுகின்றன.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பாதிப்பு கர்ப்பிணி மீது பட்டதென்றால், நேரடியாகத் தொடப்படாத முதல் தலைமுறை கொள்ளுப்பேரப்பிள்ளைகள்தான். அவர்களிடம் மாற்றம் தெரிந்தால்தான் அது உண்மையான பரம்பரைக் கடத்தல். பாதிப்பு ஓர் ஆண் மீது பட்டதென்றால், பேரப்பிள்ளையிலேயே அதைச் சோதிக்கலாம், ஏனென்றால் நேரடியாகத் தொடப்பட்டவை அவர் உடலும் விந்தணுவும் மட்டும்தான். மனிதர்களில் தாத்தாக்களைப் பற்றிய ஆய்வுகள் கவனம் பெற்றது இதனால்தான்.

அவற்றில் பேர்போனது வடக்கு ஸ்வீடனில் உள்ள ஓவர்காலிக்ஸ் என்ற ஊரில் நடந்தது. 1890, 1905, 1920 ஆகிய ஆண்டுகளில் அங்கே பிறந்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய தாத்தா பாட்டியின் சிறுவயதில் விளைச்சல் எப்படி இருந்தது என்று பழைய பதிவுகளில் தேடினார்கள். முடிவு எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தா ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான காலத்தில் நன்றாகச் சாப்பிட்டிருந்தால், பேரன்களின் ஆயுள் குறைவாக இருந்தது. பசியோடு இருந்திருந்தால் கூடுதலாக இருந்தது. "தாத்தா பட்டினி, பேரனுக்கு நோய்" என்று செய்தியில் படித்திருந்தால், இந்த ஆய்வு சொன்னது அதுவல்ல.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 300 பேர்தான். அந்த 300 பேரை ஆண், பெண், அப்பா வழி, அம்மா வழி, எந்த வயதில் பசி என்று பிரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சுவது மிகச் சிலர். 2018இல் ஸ்வீடனின் உப்சாலாவில் 11,000க்கும் அதிகமான பேரப்பிள்ளைகளை வைத்து இதைத் திரும்பச் சோதித்தார்கள். அப்பாவைப் பெற்ற தாத்தாவின் சிறுவயது உணவுக்கும் பேரனின் இறப்பு விகிதத்துக்கும் உள்ள தொடர்பு அங்கும் தென்பட்டது. அதில் புற்றுநோய்க்குப் பெரிய பங்கு இருந்தது. சர்க்கரை நோய், இதய நோய் பற்றிய பழைய முடிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆக, ஏதோ இருக்கிறது, ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. அது எந்த வேதிக் குறி வழியாக வருகிறது என்பதை இந்த இரண்டு ஆய்வுகளுமே காட்டவில்லை. அவை பதிவேடுகளை வைத்துச் செய்தவை. அணுக்களைப் பார்த்துச் செய்தவை அல்ல.

மன அதிர்ச்சி பற்றிய செய்திகளில் இடைவெளி இன்னும் பெரிது. நாஜி இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. அதில் இருந்தவர்கள் உயிர் தப்பிய 32 பேரும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரும். பேரப்பிள்ளைகள் அதில் இல்லவே இல்லை. அதோடு, அதிர்ச்சியடைந்த பெற்றோரிடம் வளர்வதே ஒரு பிள்ளையின் உடலை மாற்றக்கூடியது. அதற்கு விந்தணுவும் கருமுட்டையும் எதையும் சுமந்து வர வேண்டிய தேவை இல்லை. எளிய விளக்கம் எதிரிலேயே இருக்கும்போது, அதைத் தாண்டிக் குதித்துவிட்டு மர்மமான விளக்கத்தைப் பிடிப்பது செய்தித் தலைப்புகளின் பழக்கம்.

படிப்பும் வசதியும் பெற்றோரைத் தாண்டி வருகிறதா?

பொருளாதார அறிஞர்கள் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் 1986இல் சொன்ன கருத்து வெகுகாலம் நிலைத்து நின்றது. வருமானத்தில் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் மேன்மையோ தாழ்வோ மூன்று தலைமுறைக்குள் ஏறக்குறைய கரைந்துவிடும் என்றார்கள். அப்படியானால் தாத்தா பாட்டியின் நிலை பேரப்பிள்ளைக்கு வருவது பெற்றோர் வழியாக மட்டுமே. பெற்றோரைப் பற்றித் தெரிந்துவிட்டால் தாத்தாவைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை.

பிற்பாடு வந்த தரவுகள் இதைக் கேள்வி கேட்டன. பிரிட்டனில் 1946, 1958, 1970 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை எடுத்து 2013இல் அலசியபோது, பெற்றோரின் நிலையைக் கணக்கில் கழித்த பிறகும் தாத்தா பாட்டியின் வர்க்க நிலைக்கும் பேரப்பிள்ளை எட்டிய இடத்துக்கும் ஒரு தொடர்பு எஞ்சியிருந்தது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1427ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டையும் 2011ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டையும் ஒப்பிட்டவர்கள், அன்று பணக்காரர்களாக இருந்தவர்களின் குடும்பப் பெயர்களே இன்றும் மேல் வரிசையில் தெரிவதைக் கண்டார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெற்றோரின் நிலையை ஆய்வாளர் எப்படி அளக்கிறார்? பெரும்பாலும் படிப்பு எத்தனை வருடம், என்ன வேலை, ஒரு வருட வருமானம் எவ்வளவு என்று. ஒரு குடும்பத்தின் உண்மையான வசதி இதற்குள் முழுதாக அடங்காது. அளவையில் விட்டுப்போன மிச்சம், கணக்கில் தாத்தாவின் பெயரில் போய் விழும். அதாவது, பெற்றோரைச் சரியாக அளக்காததாலேயே தாத்தாவின் தாக்கம் இருப்பது போலத் தோன்றலாம். கல்வி பற்றிய ஆய்வுகளை 2018இல் ஒட்டுமொத்தமாகத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்குச் சற்று அதிகமானவை தாத்தா பாட்டியின் தாக்கம் இருப்பதாகச் சொன்னன. மற்றவை இல்லை என்றன. இந்த நிலைமைக்குக் கண்ணியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்தக் கண்ணியைத் தாண்டுவதற்கு ஒரு சாமர்த்தியமான வழி, சீனாவின் கிராமப்புறத் தரவுகளை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. கேள்வியை இப்படி வைத்தார்கள்: படித்த தாத்தா பாட்டி ஒரே வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளையின் படிப்பு எப்படி? வேறு வீட்டில் இருந்தால்? இறந்துபோயிருந்தால்? தாக்கம் ரத்தம் வழியாகவோ குடும்பப் பெருமை வழியாகவோ வருவதாக இருந்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஒரே வீட்டில் இருந்த தாத்தா பாட்டியின் படிப்பு மட்டுமே பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து நிற்காமல் காத்தது. வேறு வீட்டில் இருந்தவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் அந்தப் பலன் இல்லை. மூன்றாவது வழியிலிருந்து நான்காவது வழியைப் பிரித்துக் காட்டும் சான்றுகளில் எனக்கு இதுவே மிகத் தெளிவாகப் படுகிறது.

கூட இருந்தால் என்ன நடக்கிறது

பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் வாழ்வது உயிரினங்களில் அபூர்வம். ஏன் இப்படி என்ற கேள்விக்கு, மாதவிடாய் நிற்பதற்கே ஒரு பயன் இருக்கலாம் என்று 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியலாளர் ஒரு திசை காட்டினார். 1990களில் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவர் கூட்டாளிகளும் தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு தேடியும் வாழும் ஹாட்சா மக்களிடையே அதற்கு வடிவம் கொடுத்தார்கள். ஒரு தாய் அடுத்த குழந்தையைப் பெற்றுவிட்டால், முந்தைய குழந்தைக்குத் தேடி ஊட்ட அவளுக்கு நேரம் போதாது. அந்தக் கட்டத்தில் முந்தைய குழந்தையின் எடை, தாயின் உழைப்பை விட்டுப் பாட்டி தோண்டியெடுக்கும் கிழங்குகளோடு சேர்ந்து ஏறி இறங்குவதை அவர்கள் கண்டார்கள். பேரப்பிள்ளைகள் பிழைக்க உதவுவதற்காகவே பெண்களின் ஆயுள் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் நீள்கிறது என்ற இந்த விளக்கத்தைப் 'பாட்டிக் கருதுகோள்' என்று சொல்கிறார்கள்.

வரலாற்றுப் பதிவேடுகள் இதற்குத் துணை நின்றன. பின்லாந்து, கனடா தேவாலயப் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், ஒரு பெண் 50 வயதுக்குப் பிறகு வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்தார்கள். 2019இல் பின்லாந்துப் பதிவுகளைத் திரும்ப எடுத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 50 முதல் 75 வயது வரையான, அம்மாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால், இரண்டு முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள் பிழைத்திருக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடியது. அதே ஆய்வில், மிகவும் வயதாகி உடல் தளர்ந்த, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்த வீடுகளில் கைக்குழந்தைகள் பிழைப்பது குறைந்திருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவர் இரண்டு பேராகிவிட்டால், இருக்கும் கைகள் போதாமல் போயிருக்கலாம். கனடாவின் கியூபெக்கில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்களின் பதிவுகளிலோ தூரம் குறுக்கே வந்தது. பாட்டி எவ்வளவு தொலைவில் இருந்தாரோ, அவ்வளவுக்குப் பலன் தேய்ந்தது.

மனிதருக்கு வெளியே ஒரு சாட்சி, ஓர்க்கா திமிங்கலம். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் நெடுங்காலம் வாழும் மிகச் சில உயிரினங்களில் அதுவும் ஒன்று. 2019இல் வந்த ஆய்வின்படி, அப்படிப்பட்ட பாட்டி இறந்த இரண்டு வருடங்களுக்குள் அதன் பேரக்குட்டி இறக்கும் அபாயம் 4.5 மடங்காக இருந்தது. சால்மன் மீன் குறைவாகக் கிடைக்கும் காலங்களில் இழப்பு அதிகமாகத் தெரிந்தது. எங்கே இரை கிடைக்கும் என்று தெரிந்து கூட்டத்தை முன்னே அழைத்துப் போவது வயதான பெண் திமிங்கலங்கள்தான்.

உயிர் பிழைப்பது ஒரு பக்கம். மனம்?

ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பத் தகராறு, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்தே வாய்த்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், எல்லாக் கணிப்பையும் மீறி நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாகத் தங்கள் பக்கம் நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றோர் அந்த இடத்தில் இல்லாதபோது, பல குடும்பங்களில் அதை நிரப்பியவர்கள் தாத்தா பாட்டி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,500க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்விலும், தாத்தா பாட்டியின் ஈடுபாடு அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு மனச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களிலும் மறுமணக் குடும்பங்களிலும் இது கூடுதலாகத் தெரிந்தது. அமெரிக்கத் தரவுகளை வைத்து 2006இல் வெளியான ஆய்வு இன்னும் குறிப்பானது. அம்மாவுக்கு மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கும் பின்னாளில் வரும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்ததே. தாத்தா பாட்டியோடு நெருக்கமாக இருந்த பிள்ளைகளிடம் அந்தச் சங்கிலி பலவீனப்பட்டிருந்தது.

இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. வீடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது தாத்தா பாட்டியின் தனிப் பங்கு சிறிதாகவே தெரியும். வீட்டில் ஏதோ ஒன்று உடையும்போதுதான் அது பெரிதாகத் தெரிகிறது. சைக்கிள் டியூபில் ஒட்டிய பஞ்சர் துண்டு மாதிரி, காற்று இறங்காத இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

வேறு எந்தப் பெரியவரையும் விட இவர்களுக்கு இது ஏன் எளிதாக வருகிறது? ஒரு காரணம் பொறுப்பின் பங்கீடு. பரீட்சை மதிப்பெண், ஒழுக்கம், எதிர்காலம் என்று பிள்ளை எப்படி ஆகும் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். தாத்தா பாட்டிக்கு அந்தக் கணக்கு இல்லை. தங்கள் முறை முடிந்துவிட்டது. ஆகவே கண்டிப்பில்லாத கவனம் அவர்களுக்குச் சாத்தியமாகிறது. 2021இல் 50 பாட்டிகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது உணர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகளும், வளர்ந்துவிட்ட சொந்தப் பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது 'இவர் ஏன் இப்படி யோசிக்கிறார்' என்று புரிந்துகொள்ள முயலும் பகுதிகளும் கூடுதலாக இயங்கின. மூளை ஸ்கேனை வைத்து ரொம்பச் சொல்லக்கூடாது. ஆனால் எத்தனையோ அம்மாக்கள் "என்னிடம் இப்படிப் பேசவே இல்லையே" என்று தங்கள் அம்மாவைப் பார்த்து வியப்பதற்கு இது ஒத்துப்போகிறது.

சொல்லி விட்டுப்போவது, நினைத்தபடி தங்குவதில்லை

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்று தெரியுமா, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா என்ற ரகக் கேள்விகள். பிள்ளை நேரில் பார்த்து அறிய முடியாதவை, யாராவது சொன்னால்தான் தெரியும். அதிகக் கேள்விகளுக்குத் தெரியும் என்று சொன்ன பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன.

இந்த ஆய்வு வெளியில் பரவியபோது, 20 பதில்களையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது தவறான வாசிப்பு என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். தகவலுக்குச் சக்தி இல்லை. அந்தத் தகவல் பிள்ளையின் காதில் விழும் அளவுக்கு ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறது என்பதுதான் விஷயம். மேடும் பள்ளமும் சேர்ந்த கதைகளே, வெற்றி மட்டும் உள்ள கதைகளை விடப் பிள்ளைகளுக்கு உதவுகின்றன என்பதும் அவர்கள் கருத்து.

கதையும் அறிவுரையும் எப்படித் தங்குகின்றன என்பதற்கு, பதிவில் உள்ள ஒரு வாழ்க்கையைப் பார்க்கலாம். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் 1872இல் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்குள் அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். பிள்ளைகளை மத நம்பிக்கை இல்லாதவர்களிடம் வளர்க்க வேண்டும் என்று அப்பா உயிலில் எழுதியிருந்தார். அப்பாவின் பெற்றோர் நீதிமன்றம் போய் அதை மாற்றிப் பேரனைத் தங்களிடம் கொண்டுவந்தார்கள். 1878இல் தாத்தாவும் போய்விட, கண்டிப்பான பக்தி கொண்ட பாட்டிதான் வளர்த்தார். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம்.

பாட்டி விரும்பிய இறை நம்பிக்கை பேரனிடம் தங்கவில்லை. அதற்காக ஒரு உயிலையே மாற்றியவர் அவர்! ஆனால் பேரனுக்குக் கொடுத்த பைபிளின் முதல் பக்கத்தில் தனக்குப் பிடித்த சில வசனங்களைப் பாட்டி எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டம் தீமை செய்யப் போனால் நீ பின்னால் போகாதே என்ற பொருள் தரும் வசனம் அவற்றில் ஒன்று. சிறுபான்மையில் நிற்க அஞ்சாமல் இருந்ததற்கு அந்த வசனம் காரணம் என்று ரஸல் பிற்காலத்தில் சொன்னார். முதல் உலகப் போரை எதிர்த்ததால் 1916இல் கேம்பிரிட்ஜில் வேலை போயிற்று, 1918இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை. 1961இல், 89 வயதில், அணு ஆயுத எதிர்ப்புக்காக மறுபடி சிறை. பாட்டி இறந்து அப்போது 63 வருடங்கள் ஆகியிருந்தன.

ஒரே ஒரு வாழ்க்கை ஆய்வு ஆகாது. ஆனால் ஒரு விஷயத்தை இது நன்றாகக் காட்டுகிறது: கொடுத்தவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அது உதிரலாம், கூடவே வந்த இன்னொன்று வேர் பிடிக்கலாம். எது தங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பேரப்பிள்ளைதான் முடிவு செய்கிறது.

கெடுதலும் இதே வழியில் வரும்

நேரடி வழி திறந்திருந்தால் நல்லது மட்டும் வராது. குழந்தைப் பருவத்தில் தாத்தா பாட்டியின் பங்கை 18 நாடுகளின் 56 ஆய்வுகளில் தேடிய ஒரு தொகுப்பு 2017இல் வெளியானது. உடல் எடை, உணவு, புகை ஆகியவற்றில் அவர்களின் தாக்கம் பெரும்பாலும் பாதகமாகவே இருந்தது என்பது அதன் முடிவு. கேட்டதை எல்லாம் தின்னக் கொடுப்பது, ஓடியாட விடாமல் உட்கார வைப்பது, குழந்தை முன்னால் புகைப்பது போன்றவை. வேண்டுமென்றே செய்வதல்ல. மறுத்துச் சொல்லும் வேலை தங்களுடையது அல்ல என்ற அதே உணர்வின் மறுபக்கம் இது.

இன்னொரு சிக்கல், கண்டிப்பில்லாத அந்த நிலை பறிபோவது. பெற்றோர் இறப்பு, சிறை, போதை, வெளியூர் வேலை என்று ஏதோ ஒன்றால் தாத்தா பாட்டியே முழுநேரப் பெற்றோர் ஆகும்போது, கட்டுப்பாடு விதிக்க வேண்டியவரும் அவர்களே ஆகிறார்கள். பணமும் உடல்நலமும் இறங்குமுகமாக இருக்கும் வயதில் இது விழுகிறது. அப்படி வளரும் பிள்ளைகளிடம் தெரியும் சிக்கல்களைத் தாத்தா பாட்டி வளர்ப்பின் குறையாக எழுதிவிடுவது அநியாயம். அந்தப் பிள்ளைகள் அவர்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணமே ஒரு பெரிய இழப்பு.

மாறிக்கொண்டிருக்கும் கணக்கு

உலகில் இன்று சுமார் 150 கோடி தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள் என்றும், 1960இல் இது சுமார் 50 கோடி என்றும் மக்கள்தொகை ஆய்வாளர்கள் 2023இல் மதிப்பிட்டார்கள். ஆயுள் கூடியதும் பிள்ளைப்பேறு குறைந்ததும் சேர்ந்து உருவாக்கிய நிலை இது. இதன் விளைவுகள் ஒரே திசையில் போகவில்லை.

1. ஒரு தாத்தாவுக்கு இருக்கும் பேரப்பிள்ளைகள் குறைகிறார்கள். ஆளுக்குக் கிடைக்கும் கவனம் அதனால் கூடலாம்.
2. ஆயுள் நீள்வதால் பேரப்பிள்ளை வளர்ந்து ஆளாகும் வரை கூட இருப்பது சாதாரணமாகிவிட்டது. சிறு குழந்தையோடு முடிந்துபோன உறவு இப்போது இரண்டு பெரியவர்களுக்கு இடையிலான உறவாகவும் நீள்கிறது.
3. பிள்ளை பெறும் வயது தள்ளிப்போவதால், குழந்தைக்கு ஓடியாட ஆள் தேவைப்படும் வருடங்களில் தாத்தா பாட்டிக்கு எழுபதைத் தாண்டிவிடுகிறது. பின்லாந்துப் பதிவுகளில் பலன் தேய்ந்ததும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.
4. வேலை தேடிப் பெற்றோர் நகர்வதால் ஒரே கூரை என்பது குறைகிறது. வீடியோ அழைப்பு பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி அது பயன்படாது.

கொள்கை வகுப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அனாதைக் குழந்தை என்றால் பெற்றோரை இழந்த குழந்தை என்பதே வழக்கமான வரையறை. உதவித் திட்டங்களும் அதை வைத்தே ஓடுகின்றன. கோவிட் காலத்தில் ஓர் ஆய்வுக் குழு அந்த வரையறையை விரித்து, கூடவே வசித்த தாத்தா பாட்டியின் இழப்பையும் சேர்த்து எண்ணியது. 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரை பெற்றோரையோ, தங்களை வளர்த்த அல்லது உடன் வசித்த தாத்தா பாட்டியையோ இழந்த குழந்தைகள் உலகளவில் 15 லட்சத்துக்கும் அதிகம் என்பது அதன் மதிப்பீடு. பெற்றோரை மட்டும் எண்ணும் பட்டியலில், தன்னைப் பார்த்துக்கொண்ட பாட்டியை இழந்த பிள்ளை எதையுமே இழக்காத பிள்ளையாகத்தான் பதிவாகும்.